கோயில் மண்டபத்தில் எங்களுக்கும் ஓர் அறை: டர்பன் வட்டாரக் கோயில் குழுக்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,

வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவள். நெடுங்காலமாகச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். இப்போது இளம் பணியாளர்களுக்கு மேற்பார்வையாளர். இந்த மடலை ஆங்கிலத்தில் எழுதினால் உங்களில் இன்னும் நிறையப் பேர் படிப்பீர்கள் என்பது தெரியும். ஆனால் சனிக்கிழமைக் காலைகளில் கோயிலின் பின்பக்க அறையில் எனக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தது உங்களுக்கு முன்பிருந்த குழுக்கள்தான். மனதுக்கு நெருக்கமான ஒன்றை உங்களிடம் கேட்கும்போது அந்த மொழியிலேயே கேட்க ஆசைப்படுகிறேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இந்த மாகாணம் முழுவதும் சமூகப் பணியில் இருக்கிறார்கள். அடுத்தவர் துயரத்தை உட்கார்ந்து கேட்பதுதான் அவர்களுடைய வேலை. ஆனால் தங்கள் சொந்தக் குடும்பத்தின் வழியாக வந்திறங்கிய துயரத்தையும் பயத்தையும் கொண்டுபோய் வைக்க அவர்களுக்கு ஓர் இடம் கிடையாது. அலுவலகத்தில் நேரமில்லை. வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். கோயிலில் பேசக் கூடாது. அந்த இடத்தை உங்களால் தர முடியும். அதற்கு மண்டபத்தில் ஓர் அறையும், வருடா வருடம் நவம்பர் 16 அன்று நாம் மேடையில் சொல்லும் கதையில் ஒரு மாற்றமும் வேண்டும்.

அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பனில் வந்து நின்றது. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக நம் மாகாணமான நேட்டாலுக்கு வந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். இதை நீங்கள் அழகாகச் சொல்கிறீர்கள். மலர் தூவுகிறீர்கள், கப்பல் பட்டியலில் முன்னோர் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தவர்களுக்கு மரியாதை செய்கிறீர்கள். பிறகு பேச்சு ஒரே தாவலாக, கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், பிள்ளைகளை டாக்டர் ஆக்கினார்கள் என்ற இடத்துக்குப் போய்விடுகிறது. அதில் பொய் எதுவும் இல்லை. எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் நடுவில் விட்டுப்போன ஐம்பது, நூறு வருடங்களின் மிச்சம்தான் வாரத்தில் ஐந்து நாளும் என் மேசைக்கு வருகிறது.

ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், அப்புறம் வருடத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. பெண்ணுக்கு அதில் பாதி. 1871இல் ஊர் திரும்பிய முதல் கூட்டத்தினர் மதராஸில் இறங்கி, நேட்டாலில் பட்ட அடியையும் பிடுங்கப்பட்ட சம்பளத்தையும் சொல்லி முறையிட்டதால்தான் 1872இல் ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்தது. தொழிலாளர்களுக்குப் ‘பாதுகாவலர்’ என்று ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டார். அந்த அலுவலகத்தில் நம் பாட்டிகளும் பூட்டிகளும் கொடுத்த வாக்குமூலங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக்காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. அடித்த சர்தாரை, அதாவது கங்காணியைப் பற்றி, விடாமல் தொந்தரவு செய்த முதலாளியைப் பற்றி, கைவிட்ட கணவனைப் பற்றி. 1904இல் காந்தியின் ‘இந்தியன் ஒப்பினியன்’ இதழ் ஒப்பந்தத் தொழிலாளர்களிடையே தற்கொலை எவ்வளவு அதிகம் என்று கணக்குப் போட்டுக் கேள்வி எழுப்பியது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மீது 1895இல் சட்டமான 3 பவுண்டு வரி, சில வருடங்களில் 16 வயதுப் பையனுக்கும் 13 வயதுப் பெண்ணுக்கும் நீண்டது. 3 பவுண்டு என்றால், முதல் வருடச் சம்பளக் கணக்கில் ஆறு மாதக் கூலி. அந்த வரிக்காகவே மறுபடியும் கைநாட்டு வைத்துத் தோட்டத்துக்குத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

பாலசுந்தரத்தின் கதையை மேடையில் அடிக்கடி கேட்கிறேன். 1894இல் முன்பல் உடைந்து, ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் அலுவலகத்துக்கு வந்த தமிழர். கதை அங்கே வக்கீலின் கதையாகிவிடுகிறது. பாலசுந்தரத்துக்கு என்ன கிடைத்தது? வேறொரு வெள்ளைக்காரரிடம் ஒப்பந்தம் மாற்றப்பட்டது. அவ்வளவுதான். மிச்ச வருடங்களை அவர் வேலை செய்து கழித்தாக வேண்டும். அந்த மனிதர் இரவில் எப்படித் தூங்கினார், கோபத்தை யார் மேல் இறக்கினார், அவரைப் போன்றவர்கள் பெற்ற பிள்ளைகள் எதைப் பார்த்து வளர்ந்தார்கள் என்று ஒரு நவம்பரிலும் யாரும் கேட்டதில்லை. சமூகப் பணியாளர் கேட்டுத்தான் ஆக வேண்டும். குடித்துவிட்டு வந்து அடிப்பவரின் வீட்டில், “அவங்க அப்பாவும் இப்படித்தான், தாத்தாவும் இப்படித்தான்” என்று ஒரு மருமகள் சொல்லும்போது அந்தக் கேள்வி எங்கள் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். தாத்தா வாங்கிய சவுக்கடிதான் பேரன் மனைவியை அடிக்கக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அடிப்பவர் அடிப்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். வேலையின்மை, வறுமை, 1990களில் மூடிய துணித் தொழிற்சாலைகள், 2000களின் நடுவில் சாட்ஸ்வர்த்துக்குள் நுழைந்த சுகர்ஸ் போதைப்பொருள் எல்லாம் கண்முன்னே இருக்கும் காரணங்கள். அடிபட்டவர்களின் உடம்பிலிருந்தே காயம் பேரப்பிள்ளைகளுக்கு இறங்குகிறது என்ற ஆராய்ச்சிப் பேச்சும் இப்போது பரவலாக இருக்கிறது. அதில் இன்னும் நிறைய வாதம் நடக்கிறது. எனக்கு அது தேவையும் இல்லை. பேசாமல் விட்ட விஷயம் எப்படி இறங்குகிறது என்பதை நான் வீடுகளில் பார்க்கிறேன். கதவைத் தட்டினால் எல்லாரும் ஒரே நேரத்தில் குரலைத் தாழ்த்துவார்கள். போலீஸ் வேண்டாம், அரசாங்கக் காகிதத்தில் கையெழுத்து வேண்டாம், பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்பார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் காரணம் தெரியாது. நம் வீட்டில் அப்படித்தான், என்பார்கள்.

உலகத்தில் இதை முதலில் கவனித்தவர்கள் நாம் அல்ல. யூதப் படுகொலையிலிருந்து தப்பியவர்களின் பிள்ளைகள், தாங்கள் பிறப்பதற்கு முன் நடந்த ஒன்றால் தவிக்கிறார்கள் என்று கனடாவின் மனநல மருத்துவர்கள் 1960களிலேயே எழுதினார்கள். எனக்கு நெருக்கமான உதாரணம் வேறு. அமெரிக்காவின் லகோட்டா பழங்குடியைச் சேர்ந்த மரியா யெல்லோ ஹார்ஸ் பிரேவ் ஹார்ட் ஒரு சமூகப் பணியாளர். தன் மக்களின் வரலாற்றுத் துயரத்தைப் பற்றி 1980களிலிருந்து பேசிவருபவர். 1890இல் வூண்டட் நீயில் நடந்த படுகொலை, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டுபோன விடுதிப் பள்ளிகள், துக்கம் அனுசரிக்கவே தடை என்று அவருக்குப் பேச நிறைய இருந்தது. அவர் ஆரம்பத்தில் செய்தது என்ன தெரியுமா? லகோட்டா மக்களிடையே சேவைப் பணியில் இருந்த 45 பேரைத் தங்கள் புனித மலைகளான பிளாக் ஹில்ஸில் சில நாட்கள் கூட்டி, அவர்களை முதலில் பேச வைத்தார், அழ வைத்தார். ஊருக்கு உதவப் போகிறவர்களின் துக்கத்துக்கு முதலில் இடம் கொடுத்தார். கோயில் குழுக்களுக்கு இதை எழுத எனக்குத் தோன்றியதற்கு அது ஒரு காரணம்.

எங்கள் தொழிலில் இந்தச் சுமை எங்கே அழுத்துகிறது என்று சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

மேகசின் பேரக்ஸ் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நகராட்சியில் துப்புரவும் சாலை வேலையும் செய்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் சோம்ட்சு சாலைப் பக்கம் தலைமுறைகளாக நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1960களில் அதை இடித்தார்கள். கேட்டோ மேனரில் தோட்டம் போட்டுக் கறிகாய் விற்றுச் சொந்தமாக வீடு கட்டியிருந்தவர்களை இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950இன் குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டிப் பெயர்த்தார்கள். பெல்லேர் சாலையில் அம்பலவாணர் ஆலயம் நின்றது, சுற்றியிருந்த மக்கள் போனார்கள். சாட்ஸ்வர்த்தில் இறங்கியபோது ‘யூனிட்’ என்ற பகுதிக்கு எண், தெருவுக்கும் எண். நகராட்சி கட்டிய சின்ன வீட்டுக்குள் கூட்டுக் குடும்பம் அடங்கவில்லை. ஆயா, அதாவது பாட்டி, ஒரு யூனிட், மகன் ஒரு யூனிட், தங்கை எங்கேயோ. அதற்கு முன்னால் என்ன நடந்தது? கையில் காகிதத்தோடு ஓர் அதிகாரி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

இன்று அந்த வாசலில் காகிதத்தோடு நிற்பது நாங்கள். 2005இன் குழந்தைகள் சட்டப்படி ஆபத்தில் இருக்கும் குழந்தையை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தும் பொறுப்பு சமூகப் பணியாளருக்கு உண்டு. செய்துதான் ஆக வேண்டும், செய்யாவிட்டால் குழந்தை செத்துப்போகும் சூழ்நிலைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வாசலில் நிற்கும்போது உள்ளேயிருந்து ஓர் ஆயா, “எங்களை முன்னாடியும் இப்படித்தான் வந்து பிரிச்சாங்க” என்று சொன்னால் கை நடுங்கும். அதே சொல்லை நம் ஆயாவும் சொல்லியிருப்பார். ஒரு பணியாளர் அந்த நடுக்கத்தில் குழந்தையை எடுக்காமல் திரும்பி வரலாம். இன்னொருவர் நடுக்கத்தை மறைக்க அவசரப்பட்டுக் கடுமையாக நடந்துகொள்ளலாம். இரண்டாலும் பாதிக்கப்படுவது அந்தக் குழந்தை. இதனால்தான் பணியாளரின் மனநிம்மதிக்கு மட்டுமான விஷயமாக நான் இதைப் பார்க்கவில்லை. நாங்கள் எடுக்கும் முடிவுகளின் தரம் இதில் இருக்கிறது.

இந்தத் தொழிலையே நமக்கு வேலி போட்டுத்தான் கொடுத்தார்கள் என்பதையும் இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1961இல் இந்தியர்களுக்கென்று சாலிஸ்பரி தீவில் பழைய கடற்படைக் கட்டடங்களில் ஒரு கல்லூரி திறந்தார்கள். அதுதான் பிற்பாடு டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆனது. அந்தக் காலத்தில் இந்தியச் சமூகப் பணியாளர் பெரும்பாலும் இந்தியர்களுக்குத்தான் வேலை செய்ய முடியும். ஒரே தேவைக்கு வெள்ளையருக்கு ஒரு தொகை, நமக்கு அதைவிடக் குறைவு, ஆப்பிரிக்கர்களுக்கு எல்லாரையும்விடக் குறைவு. முதியோர் ஓய்வூதியம் எல்லாருக்கும் ஒன்றானது 1993இல்தான். அந்த வேலிக்குள் பயிற்சி பெற்றவர்கள், நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகு திடீரென்று எல்லாருக்கும் பணியாளர்கள் ஆனார்கள். எப்படி ஆவது என்று யாரும் கற்றுத்தரவில்லை.

இங்கிருந்துதான் மிகக் கடினமான பகுதி. தயவுசெய்து படிப்பதை நிறுத்தாதீர்கள்.

1949 ஜனவரி 13 மாலை. விக்டோரியா தெருப் பக்கம் ஓர் இந்தியக் கடைக்காரர் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்ததில் தொடங்கிய கலவரம் கேட்டோ மேனர் வரை பற்றி எரிந்தது. நம் வீடுகளில் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் இல்லை. எரிந்த வீடு, ஒளிந்திருந்த கரும்புக் காடு, பிடித்து இழுக்கப்பட்ட பெண்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தூங்கும் முன் சொன்ன கதைகளில் இதுவும் ஒன்று. ஆனால் அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 142 பேர். அதில் இந்தியர் 50. ஆப்பிரிக்கர் 87. அந்த 87 பேரைப் பற்றி என் வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னோடு வேலை செய்யும் தமிழ்ப் பணியாளர்களிடம் கேட்டுப் பார்த்தேன், அவர்கள் வீட்டிலும் சொன்னதில்லை. அந்த 87 பேரில் பலர் போலீஸும் ராணுவமும் சுட்டு இறந்தவர்கள். அந்த இரவுகளில் இந்தியக் குடும்பங்களைத் தங்கள் வீட்டில் மறைத்துக் காப்பாற்றிய ஆப்பிரிக்கர்கள் இருந்தார்கள், அந்தக் கதையும் சில வீடுகளில் இருக்கிறது. ஏனோ அதைக் கடைசியாக, குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்பே, 1947இல், இந்தியக் காங்கிரஸ் தலைவர்களான நம் டாக்டர் மாண்ட்டி நாயக்கரும் டாக்டர் தாதூவும் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸின் டாக்டர் ஸூமாவோடு சேர்ந்து போராடுவோம் என்று கையெழுத்திட்டிருந்தார்கள். அதுவும் அதே நகரத்தின், அதே மக்களின் வரலாறுதான்.

1949இன் பயத்தை மட்டும் கையில் கொடுத்து வளர்த்த பிள்ளைகள் 2021 ஜூலையில் என்ன செய்தார்கள்? முன்னாள் அதிபர் ஜுமா சிறைக்குப் போனதும் கடைகள் சூறையாடப்பட்டன, கிடங்குகள் எரிந்தன. டர்பனின் இன்னொரு இந்தியர் குடியிருப்பான ஃபீனிக்ஸில் போலீஸ் வரவில்லை. மக்கள் பயந்துபோயிருந்தார்கள், அந்தப் பயம் உண்மையானது. தெருமுனைகளில் தடை போட்டார்கள், துப்பாக்கியோடும் நின்றார்கள். அந்தக் கலவர நாட்களில் நாட்டில் மொத்தம் 354 பேர் இறந்தார்கள் என்றது அரசு. ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர், அவர்களில் 33 பேர் கறுப்பினத்தவர். ஆப்பிரிக்கர் குடியிருப்புகளான இனாண்டா, க்வாமாஷு, பம்பாயி எல்லாம் எட்டிப்பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. பல காலமாக ஒரே கடைகளுக்கும் ஒரே டாக்ஸி நிறுத்தத்துக்கும் போய்வந்த மக்கள்.

என் மேற்பார்வையில் ஓர் இளம் பணியாளர் இருக்கிறார். அவர் சம்மதத்தோடும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் எழுதுகிறேன். தமிழ்ப் பெண், ஃபீனிக்ஸில் பிறந்தவர். அந்த ஜூலையில் மகனை இழந்த ஒரு தாயின் வீட்டுக்கு, பேரப்பிள்ளையின் மானியம் தொடர்பாக அவர் போக வேண்டி வந்தது. அந்த அம்மா மரியாதையாக உட்கார வைத்தார். பெயரைக் கேட்டார். எங்கே வீடு என்று கேட்டார். இவர் “ஃபீனிக்ஸ்” என்றார். அதற்குப் பிறகு இருவரும் நெடுநேரம் பேசவில்லை. படிவம் நிரம்பியது, மானியம் ஒழுங்காகக் கிடைத்தது. அலுவலகக் கணக்கில் அது முடிந்த வேலை.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு முடியவில்லை. அவருடைய ஆயா 1949இல் சிறுமி. ராத்திரி வாசலைப் பார்த்தபடி படுப்பது அந்த ஆயாவுக்குச் சாகும்வரை மாறவில்லை. 2021இல் அவருடைய அப்பா தெருமுனையில் நின்றவர்களில் ஒருவர். அப்பா அங்கே என்ன செய்தார், என்ன பார்த்தார் என்று மகள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அப்பா அதிகம் குடிக்கிறார். ஆயாவின் பயம், அப்பாவின் மௌனம், எதிரே உட்கார்ந்திருக்கும் தாயின் மகன். மூன்றையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலைக்கு வர வேண்டும். அவர் அழுதுகொண்டே என்னிடம் கேட்டது இதுதான்: “அக்கா, எனக்குப் பாவமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா?”

இருக்கிறது என்றுதான் சொன்னேன், இன்றும் அதையே சொல்வேன். நம் மக்கள் காயப்பட்டார்கள், நம் மக்கள் காயப்படுத்தவும் செய்தார்கள். ஒன்றைச் சொல்ல இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்குத் தன் ஆயாவுக்காக அழவும் அந்தத் தாயின் முன்னால் தலைகுனியவும் உரிமை உண்டு. இரண்டையும் செய்ய முடியாத பணியாளர் நாளடைவில் இனாண்டாவுக்குப் போகும் கேஸ்களைத் தவிர்க்கத் தொடங்குவார். அல்லது அந்தப் பக்கத்துக் குடும்பங்களைப் பற்றிய அறிக்கையில் ‘ஆபத்து’ என்ற சொல்லைச் சீக்கிரமாக எழுதிவிடுவார். அப்படி எழுதப்பட்ட அறிக்கைகளைத் திருத்தச் சொல்லி நான் திருப்பி அனுப்பியதுண்டு. எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. பயம் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கே தெரியவில்லை. என் ஜூலு சக பணியாளர்களும் சாட்ஸ்வர்த் வீடுகளுக்குள் நுழையும்போது தங்கள் பங்குக்கு ஒன்றைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். பாட்டி எந்த இந்தியக் கடைக்காரரிடம் அவமானப்பட்டார், அம்மா எந்த இந்திய வீட்டில் தனித் தட்டில் சாப்பிட்டார் என்பது அவர்களுக்கு நினைவிருக்கிறது. அதை நாமும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

அலுவலகம் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். சமூகப் பணிக்கான மேற்பார்வைச் சட்டகம் ஒன்று 2012இல் வந்தது. நிர்வாகம், கற்பித்தல் இவற்றோடு பணியாளருக்கு ஆதரவு தருவதும் மேற்பார்வையின் வேலை என்று அதில் தெளிவாக இருக்கிறது. நடைமுறையில், பிறர் வீட்டில் வளரும் குழந்தைகளுக்கான வளர்ப்புப் பராமரிப்பு உத்தரவுகளைப் புதுப்பிக்கும் வேலை மலைபோல் தேங்கிக் கிடக்கிறது. 2011இலிருந்து நீதிமன்றம் திரும்பத் திரும்பத் தலையிட்டுக் காலக்கெடு நீட்ட வேண்டியிருந்த விஷயம் அது. மேற்பார்வைக்கு என்று ஒதுக்கிய நேரம் அதிலேயே கரைந்துவிடுகிறது. அப்படியே நேரம் கிடைத்தாலும், தன்னைப் பற்றிக் கோப்பில் குறிப்பு எழுதும் மேலதிகாரியிடம் யார் மனம் திறப்பார்கள்? நானே மேலதிகாரிதான். என்னிடம் சொல்லத் தயங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அலுவலகங்களிடம் கேட்க வேண்டியதை நாங்கள் வேறு வழியில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த மடல் உங்களுக்கு.

உங்களிடம் ஏன் வருகிறோம் என்றால், உடைந்த ஒவ்வொரு முறையும் இந்த மக்களைக் கூட்டி உட்கார வைத்தது கோயில்தான். ஈஸ்டர் விடுமுறையில் அம்மனுக்குத் திருவிழா எடுத்தார்கள், புனித வெள்ளியில் தீ மிதித்தார்கள். வெள்ளைக்காரர்கள் லீவு கொடுத்த நாள் அதுதான். கேட்டோ மேனரிலிருந்து விரட்டிய பிறகும் காவடிக்குச் சாட்ஸ்வர்த்திலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். கஞ்சிப் பூசைக்கு ஒரு தெருவே சேர்ந்து சமைக்கும். ஆடிக்கும் தைப்பூசத்துக்கும் உடம்பை வருத்தி வேண்டிக்கொள்ளும் மக்களுக்குத் துக்கத்தை வெளியே கொண்டுவரத் தெரியாது என்று நான் நம்ப மாட்டேன். நமக்கு அதற்கு வழி இருக்கிறது, சொல்தான் இன்னும் சேரவில்லை.

ஆனால் அதே கோயிலில் எங்களுக்குக் கிடைப்பது வேறு. நம்மவர் வீட்டில் ஒரு குழந்தையின் விஷயத்தில் நடவடிக்கை எடுத்தால், குழுவிலிருந்து யாராவது தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். “நம்ம பெண்ணே நம்மைக் காட்டிக்கொடுக்கலாமா” என்கிறார்கள். எனக்கே ஒரு முறை, அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றபோது, எல்லாரும் கேட்க இதைச் சொன்னார்கள். சொன்னவர் எந்தக் கோயில், யார் என்பது இங்கே வேண்டாம். பல பணியாளர்களுக்கு இது நடக்கிறது, அதனால் பலர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். ஒன்றை நினைவுபடுத்துகிறேன்: ஒரு குழந்தை கொடுமைக்கு ஆளாகிறது என்று நியாயமாகத் தெரிந்தால் அதை அறிவிக்கும் கடமை, குழந்தைகள் சட்டத்தின் 110ஆம் பிரிவில் எங்களுக்கு மட்டும் இல்லை, சமயத் தலைவர்களுக்கும் உண்டு. நீங்கள் எங்களோடு நிற்க வேண்டியவர்கள். அந்தத் தொலைபேசி அழைப்புகளை நிறுத்தச் சொல்லி உங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். உறுப்பினர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அறையைப் பற்றி. மாதம் ஒரு மாலை, வார நாளில், மண்டபத்தையோ பின்பக்க வகுப்பறையையோ எங்களுக்குத் தாருங்கள். அந்த நேரத்தில் குழுவினர் யாரும் உள்ளே இருக்கக் கூடாது, யார் வந்தார்கள் என்று எழுதி வைக்கவும் கூடாது. வருபவர்கள் தமிழர்களாக மட்டும் இருக்க மாட்டார்கள். ஜூலு பணியாளர்கள் வருவார்கள், முஸ்லிம் பணியாளர்கள் வருவார்கள், வென்ட்வர்த்திலிருந்து கலப்பினப் பணியாளர்கள் வருவார்கள். அவர்களுக்கும் வாசலில் அதே மரியாதை கிடைக்க வேண்டும். முதல் சில மாதங்கள் அவரவர் குழுவாக உட்கார்ந்து, அப்புறம்தான் கலந்து உட்கார்வோம் என்று நினைக்கிறோம். அவசரப்பட்டுக் கலந்தால் இரண்டு பக்கமும் வாயடைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். வழிநடத்த அனுபவமுள்ள உளவியலாளர் ஒருவர் வேண்டும், அவருக்கான செலவில் ஒரு பங்கைச் சங்கங்கள் ஏற்றுக்கொண்டால் பெரிய உதவி. திருவிழா நன்கொடைப் பட்டியலில் இதற்கும் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

நவம்பர் 16 மேடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெருமையைக் குறைக்கச் சொல்லவில்லை. அதே மேடையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணங்களிலிருந்து ஒரு பெண்ணின் வாக்குமூலத்தை வாசியுங்கள். 13 வயதுப் பெண்ணுக்கு வரி போட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தில்லையாடி வள்ளியம்மைக்கு மாலை போடும்போது, சிறையில் நோயுற்று வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்தபோது அவருக்கு 16 வயதுதான் என்பதையும், ஒரு வீடு தன் மகளை இழந்தது என்பதையும் ஒரு நிமிடம் நின்று சொல்லுங்கள். 1949ஐப் பேசினால் 50 பேரோடு 87 பேரையும் சேர்த்துப் பேசுங்கள். 2021ஐப் பேசுங்கள். ஃபீனிக்ஸில் இறந்த 36 பேருக்காகவும் ஒரு விளக்கு ஏற்றுங்கள். அவர்களுடைய குடும்பத்தினர் விரும்பினால் அழையுங்கள். வர மறுத்தால் அந்த மறுப்பை மதியுங்கள். இதனால் உங்களைத் திட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். நம்மவர் மானத்தை வாங்குகிறார்கள் என்பார்கள். அந்த நேரத்தில், இதைக் கேட்டது உங்கள் சமூகப் பணியாளர்கள் என்று எங்கள் பெயரைச் சொல்லுங்கள். நாங்கள் வந்து பக்கத்தில் நிற்கிறோம்.

தைப்பூச வேலைகள் தொடங்கும் முன் உங்கள் குழுக் கூட்டங்களில் இதைப் பேச நேரம் ஒதுக்கினால், எங்களில் இரண்டு மூன்று பேர் வந்து நேரில் விளக்குகிறோம். எந்த நாள், எத்தனை மணி என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். மறுப்பதானாலும் காரணத்தைச் சொல்லுங்கள், அதையும் உட்கார்ந்து பேசலாம். அறை எப்போது காலியாக இருக்கும், சாவி யாரிடம் இருக்கும் என்பதும் தெரிந்தால் அடுத்த மாதமே தொடங்கிவிடுவோம்.

அன்புடனும் மரியாதையுடனும்,
சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு சமூகப் பணியாளர்